வலது காலின் கனம்

நஞ்சுண்டன் தண்ணீர் டிரம்மின் மூடியைக் கையால் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். கொல்லையில் பழனாத்தாளைப் பெஞ்சில் படுக்கவைத்து, சுற்றிலும் நான்கு பெண்கள் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கட்டியவர் முதல் சொம்புத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் மற்றவர்கள் குளிப்பாட்ட வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதும் அந்த டிரம்முக்குள்தான் இருந்தது.

"அப்பா, கீழ மிதிங்க," என்றாள் மகள் கீதா. "கையில இழுத்தா வராதுங்க."

அவருக்குத் தெரியாதா என்ன? முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர். டிரம்மின் அடியில் செருப்பு அகலத்துக்கு ஓர் இரும்பு மிதி இருந்தது. அதை அமுக்கினால் மறுமுனை எழும்பி, டிரம்மை ஒட்டி நிற்கும் கம்பியை மேலே தள்ளும். கம்பி முதலில் பூனைக்குப் பயந்து போட்ட கொக்கியை விடுவிக்கும், பிறகு மூடியைத் தூக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது அழகிரிசாமி செய்த மிதி. அதில் காலை வைப்பதற்குப் பதிலாக டிரம்மையே தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது நஞ்சுண்டனுக்கு.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தார். அடியில் ஏதோ ஒடிந்தது. கம்பி கழன்று தரையில் விழுந்து உருண்டது. மூடி மட்டும் அப்படியே இருந்தது. இனி மிதித்தாலும் திறக்காது, இழுத்தாலும் திறக்காது. திரை பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி கை வலித்துக் கை மாற்றிக்கொண்டாள்.

"அழகிரி மாமாவ வரச்சொல்லுங்க," என்று கீதா வாசல் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

மாமாவாம்! நஞ்சுண்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழகிரிசாமி மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. பின்சந்தில் லேத் பட்டறை வைத்திருக்கிற நாயக்கர். பழனாத்தாள் அவரைத் தம்பி என்றாள், அவர் இவளை அக்கா என்றார், அதைப் பிடித்துக்கொண்டு இந்தப் பெண் மாமா என்கிறாள். காலையிலிருந்து அந்த ஆள் வாசல் பந்தலில் உட்கார்ந்து துண்டு நனைய அழுதுகொண்டிருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் நஞ்சுண்டனின் கையைத் தொட்டுவிட்டு நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாயக்கர் இல்லாவிட்டால் அந்த அம்மாள் ஒற்றைக் கையில் சோறு பொங்கித் தின்றிருக்குமா என்று காங்கேயத்திலிருந்து வந்த ஒருத்தி சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது. செத்துப்போனது யாருடைய பெண்டாட்டி என்று எழுந்து போய்க் கேட்கலாமா என்று இருந்தது நஞ்சுண்டனுக்கு. அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அழுவதிலும் அந்த ஆள் முந்திக்கொண்டார்.

பழனாத்தாளுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது, நஞ்சுண்டன் மில்லை விட்டு வெளியே வந்த வருஷம். மில்லை மூடப்போகிறோம் என்று சொல்லி வயதானவர்களை முதலில் அனுப்பிவிட்டார்கள். காலையில் எழுந்தால் போவதற்கு இடம் இல்லை. டீக்கடையில் எவ்வளவு நேரம்தான் உட்காருவது? சொன்னால் தப்பாகத் தெரியும், ஆனால் பெண்டாட்டியின் கை விழுந்ததில் அவருக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. ஏனுங்க, டிரம்மைத் திறந்து விடுங்க. ஏனுங்க, இந்தக் குண்டாவை வடித்து விடுங்க. ஏனுங்க, இந்தக் காயை அரிந்து கொடுங்க. ஒவ்வொரு 'ஏனுங்க'வுக்கும் அவர் உடனே எழுந்து போய்விட மாட்டார். பேப்பரில் பாதி படித்த செய்தியை முடித்து, கண்ணாடியைக் கழற்றி மடித்து, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று இருந்து, அப்புறம்தான் போவார். அந்த இரண்டாவது ஏனுங்க அவருக்கு இனித்தது.

ஒரு நாள் அவள் கேட்டாள். மில்லில் எத்தனையோ மிதி, லிவர் எல்லாம் மாட்டினீர்களே, இந்த டிரம்முக்கு ஒன்று வைத்துக் கொடுத்தால் நானே திறந்துகொள்வேனே என்றாள். அவர், நான் எதற்கு இருக்கிறேன் என்றார். ஆசையாகத்தான் சொன்னார். இன்னொரு நாளும் கேட்டாள். சாமான் வாங்க வேண்டும், பார்க்கலாம் என்றார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் காந்திபுரம் போய்விட்டு வீட்டுக்கு வந்தால், டிரம்முக்கு மிதி முளைத்திருந்தது. அழகிரித் தம்பி மாட்டிவிட்டுப் போச்சுங்க என்று சொல்லிவிட்டு, பழனாத்தாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அப்புறம் காய் அரியும் கத்தி வந்தது. கத்தியின் ஒரு முனை பலகையோடு மாட்டியிருக்கும், மறுமுனையில் கைப்பிடி. பாக்குவெட்டியில் ஒரு பாதி என்று வைத்துக்கொள்ளலாம். பலகையோடு மாட்டிய முனைக்குக் கிட்டத்தில் சேனைக்கிழங்கை வைத்து, கைப்பிடியை இடது கையால் அமுக்கினால் போதும், இரண்டாகிவிடும். அதற்கப்புறம் சோறு வடிக்கிற தொட்டில் வந்தது. அடுப்பின் இரண்டு பக்கமும் கால் நாட்டி, நடுவில் குண்டாவைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வளையம். நீளமான கைப்பிடியைக் கீழே இழுத்தால் குண்டா பக்கத்துப் பாத்திரத்தின் மேல் சாய்ந்து கஞ்சி இறங்கும். ஒவ்வொன்றாக வர வர வீட்டில் ஏனுங்க குறைந்தது. கடைசியில் தலை பின்னிவிட மட்டும்தான் அவள் அவரைக் கூப்பிட்டாள். கீதா வந்திருந்தால் அதுவும் கிடையாது.

ஒரு மத்தியானம் அவள் தூங்கும்போது, யாருக்கும் தெரியாமல் அவர் அந்த மிதியை மிதித்துப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கத்தான். காலை வைத்ததும், அமுக்குவதற்கு முன்பே, மூடி எகிறிப் போய்ச் சுவரில் மோதியது. குனிந்து பார்த்தார். மிதி எதன்மேல் ஆடுகிறதோ அந்தப் பின்னைக் கம்பிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்ப் போட்டிருந்தது. மிதிக்கிற பக்கம் ரொம்ப நீளம், தூக்குகிற பக்கம் ரொம்பக் குட்டை. எந்த ஃபிட்டரும் இப்படிப் போடமாட்டான், ஒரு கோழி ஏறி நின்றால்கூடத் திறந்துகொள்ளும். தொழில் தெரியாத பயல் என்று நஞ்சுண்டனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை. பழனாத்தாள் எழுந்து வந்து மிதித்தபோது மூடி நிதானமாக, சத்தமே இல்லாமல் திறந்தது. அவளுக்கு வலது காலில் ஊன்றி நிற்க முடியாது, அதனால் நிற்பது இடது காலில், மிதிப்பது அந்த விழுந்த காலால். அந்தக் காலுக்கு அது அளவாக இருந்தது. அப்படியென்றால் அவள் கால் எவ்வளவு அமுக்கும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் பின்னை அந்த இடத்தில் போட முடியாது. பட்டறையில் அவளை நிற்கவைத்து, மிதிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். அன்றைக்குப் பிடித்த இந்த நினைப்பு நஞ்சுண்டனை விடவே இல்லை. அவளிடமும் கேட்கவில்லை, அவனிடமும் கேட்கவில்லை. தினமும் டிரம் திறக்கிற நேரத்தில் வயிறெரிந்துகொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

இன்றைக்குக் காலையிலும் முன்னறையில்தான் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே தொட்டிலின் கைப்பிடி கிறீச்சிட்டது, கஞ்சி இறங்குகிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காப்பி வரவில்லையே என்றுதான் எழுந்து போனார். அவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சோறு பொலபொலவென்று வடிந்திருந்தது. தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நெஞ்சு நின்று நேரமாகிவிட்டது என்றார். கூப்பிட்டிருந்தால் நாலு எட்டில் போயிருப்பார். அவள் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. அதற்கும் அந்த ஆள்தான் காரணம் என்று, எஸ்டிடி பூத்துக்குப் போய் ஊருக்குத் தகவல் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிற வழியிலேயே நஞ்சுண்டன் முடிவு கட்டிவிட்டார்.

அழகிரிசாமி கட்டிங் பிளேயரும் கையில் ஒரு துண்டு இரும்புமாக வந்தார். நஞ்சுண்டனின் முகத்தைப் பார்க்காமல் டிரம்முக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். கீதா கொல்லைக்குப் போய்விட்டாள். சமையலறையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"பின்னு ஒடிஞ்சு போச்சுங்கண்ணா. இதா, மாட்டிப்போடறேன்."

"அதப் போட்ட எடமே தப்பு," என்றார் நஞ்சுண்டன். "அத்தன தள்ளியா போடுவாங்க? எந்தப் பட்டறையில தொழில் கத்துட்டு வந்தீங்க, நாயக்கரே?"

எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் 'ங்க' மட்டும் வாயைவிட்டுப் போகாது அந்த ஊர்க்காரர்களுக்கு. அழகிரிசாமி ஒடிந்த பின்னைத் தட்டி வெளியே எடுத்தார்.

"தப்புத்தானுங்க. மத்தவங்களுக்குன்னா தப்புத்தான். அக்காளுக்கு அங்க போட்டாத்தானுங்க வரும்."

"அவ கால் எவ்வளவு அமுக்கும்னு உங்களுக்கு ஆரு சொன்னதுங்க?"

கேட்டேவிட்டார். கொல்லையில் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அழகிரிசாமிக்கு அந்தக் கேள்வியின் உள்ளே இருந்தது புரிந்ததோ இல்லையோ, அவர் உள்ளதைச் சொன்னார். பட்டறையில் பழைய இரும்பு நிறுக்கிற தராசு ஒன்று இருக்கிறது. அக்கா இடது காலில் நின்று, மேஜையில் முடுக்கியிருந்த வைஸைப் பிடித்துக்கொண்டு, வலது குதிகாலை ஒரு கட்டையில் ஊன்றி, முன்பாதத்தை மட்டும் தராசின் மேல் வைத்தார்களாம். அமுத்துங்க என்றாராம் இவர்.

"முள்ளு அசையவே இல்லீங்க. தராசுதான் கெட்டுப்போச்சுன்னு நா நெனச்சுட்டேன். கையி வெச்சு அமுத்திப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. மறுக்கா அமுத்துச்சுங்க அக்கா. மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போச்சு. அப்பத்தான் அரைக் கிலோ காட்டுச்சு." அழகிரிசாமி தலையைக் குனிந்துகொண்டார். "அதுக்கு மேல அமுத்துங்கன்னு எனக்குச் சொல்ல மனசு வரலீங்கண்ணா."

அரைக் கிலோ. நஞ்சுண்டன் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் காலை இழுத்து இழுத்து நடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு, அந்தக் காலில் இவ்வளவுதான் மிச்சம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் காலோடு அவள் பின்சந்து வரைக்கும் நடந்து போயிருக்கிறாள்.

"என்னையக் கேட்டா நா செஞ்சு குடுக்க மாட்டனுங்களா?"

"கேட்டுச்சாமுங்க." அழகிரிசாமி புதுப் பின்னை ஓட்டையில் வைத்துத் தட்டினார். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் விட்டார். "கேட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன் தம்பின்னு சொல்லுச்சு. அவரு வருவாரு, வராம இருக்க மாட்டாரு, ஆனா அவரு எந்திரிச்சு வார வரைக்கும் நிக்கறதுக்கு எனக்குக் கால் இல்ல தம்பின்னு சொல்லுச்சுங்க."

நஞ்சுண்டன் செய்தியை முடித்து, கண்ணாடியை மடித்து, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவள் இந்த இடத்தில் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள். குரலில் ஒரு நாள்கூட அதைக் காட்டிக்கொள்ளவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இதை இன்னொருவன் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

"உங்களுக்கு எம்மேல கோவம்னு தெரியுமுங்க," என்றார் அழகிரிசாமி. கம்பியை எடுத்துத் துண்டால் துடைத்தார். "ஆனா எனக்குமே உங்க மேல எரிச்சல்தானுங்கண்ணா. நா என்ன செஞ்சு குடுத்தாலும் அக்காளுக்குத் திருப்தி வராது. இத அவரு பாத்தாக் குத்தஞ் சொல்லுவாரு, கழட்டி மாட்டு தம்பின்னு சொல்லும். அந்தத் தொட்டில எத்தன தடவ கழட்டி மாட்டியிருப்பேன்! வேலை செய்யறது நானு, பேச்செல்லாம் உங்க பேச்சு. மில்லுல அவரு அப்படி மாட்டுவாரு, இப்படி மாட்டுவாருன்னு. சரி, அண்ணன் பாத்துட்டு என்ன சொன்னாருன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பனுங்க. அவரு மிதிச்சே பாக்கல தம்பின்னு சொல்லிப்போட்டுப் போயிரும்."

மிதித்தேன் என்று சொல்ல நஞ்சுண்டனுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. யாரிடம் சொல்வது? கேட்க வேண்டியவள் கொல்லையில் பெஞ்சில் கிடக்கிறாள்.

கம்பியை மாட்டிவிட்டு அழகிரிசாமி எழுந்து ஒதுங்கி நின்றார். நஞ்சுண்டன் சொம்பை எடுத்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி மிதியின் மேல் வைத்தார். அமுக்காமல், காலின் கனத்தைத் தானே தாங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்த்தார். அரைக் கிலோ என்பது எவ்வளவு என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதற்குள் மூடி திறந்துவிட்டது. சொம்பை மொண்டுகொண்டு போய்ப் பழனாத்தாளின் தலையில் ஊற்றினார். தண்ணீர் நெற்றியில் இறங்கிக் காது வழியாக ஓடியது. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இப்போது பார்த்தால் எந்தக் கால் விழுந்த கால் என்று சொல்ல முடியாது.

நாலு மணிக்கெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். காங்கேயத்துக்காரர்கள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட்டாயிற்று. வாய்க்கரிசி ஆயிற்று. பழனாத்தாளுக்கு மகன் இல்லை, அதனால் நஞ்சுண்டனின் தம்பி மகன் மனோஜ்குமார் கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டான். பாடையைத் தூக்கப் பங்காளிகளில் மூன்று பேர் வந்தார்கள். நாலாவதாக வர வேண்டியவருக்குத் தோளில் கட்டு இருந்தது. யாரும் கூப்பிடாமலே அழகிரிசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கால்மாட்டில் இடது மூங்கிலுக்குப் போய் நின்றார். யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெண்களில் இரண்டு பேர் அவரைப் பார்த்து அழுதார்கள்.

நஞ்சுண்டன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சமையலறையில் கேட்டதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். அந்த ஆள் நல்லவனாகவே இருக்கட்டும். இருந்தாலும் அவள் முகம் வேர்த்ததைப் பார்த்தவன் அவன். தம்பி என்று கூப்பிட்டு, கால் இல்லை என்று அவள் சொன்னது அவனிடம். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அவள் சோறு போட்டாள், காப்பி கொடுத்தாள், இதைச் சொல்லவில்லை. பொறாமை போகவில்லை, முன்னைவிட நன்றாக உட்கார்ந்துகொண்டது. இப்போது கடைசியாகத் தோள் கொடுப்பதும் அவனாம்.

நேராகப் போய், அதே மூங்கிலின் தலைமாட்டு முனையில் குனிந்துகொண்டிருந்த பங்காளியின் முதுகைத் தொட்டு, விலகச் சொன்னார்.

"பெரியப்பா, உங்களுக்கு முட்டி சரியில்லீங்க," என்றான் மனோஜ்குமார். கட்டியவர் தூக்குகிற வழக்கம் எங்கேயும் இல்லையே என்று இன்னொருவர் மெல்ல ஆரம்பித்தார்.

"என்ற பொண்டாட்டிய நாந் தூக்காம வேற ஆரு தூக்கறது?" என்றார் நஞ்சுண்டன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு 'ங்க'வும் இல்லை. பங்காளி விலகிக்கொண்டார்.

தூக்கினார்கள். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, கனமே இல்லை. இத்தனை நாளில் அவள் இவ்வளவு இளைத்துப்போயிருந்தாள், அதையும் அவர் கவனிக்கவில்லை. இருக்கிற கொஞ்சத்தையும் நாலு பேர் பங்கு போட்டால் ஒரு தோளுக்கு என்ன வரும்? தலைமாட்டில் இருப்பவருக்குக் கொஞ்சம் கூடுதல், கால்மாட்டில் இருப்பவருக்குக் கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். அதே மூங்கிலின் முன்முனையில் அழகிரிசாமியின் கழுத்தும் நரைத்த பிடரியும் தெரிந்தன. அவள் கனத்தில் ஒரு பங்கு அந்தத் தோளிலும் இருந்தது. நஞ்சுண்டனால் அதைத் தாங்க முடியவில்லை.

கம்பத்தின் முனையில் நிற்கிறவனுக்குக் கனம் குறையும், சுமைக்குக் கிட்டப் போகிறவன் தோளில்தான் இறங்கும். மில்லில் மோட்டாரைக் கட்டித் தூக்கின நாளெல்லாம் சின்னப் பையன்களை முனைக்கு அனுப்பிவிட்டு அவர் உள்ளே நின்றிருக்கிறார். தெருமுனை வந்தது. பெண்கள் அதோடு நின்றுவிட்டார்கள். கீதாவின் அழுகை மட்டும் கொஞ்ச தூரம் கூட வந்தது. தாரை தப்பட்டைக்காரர்கள் சாலைக்கு இறங்கினார்கள். நஞ்சுண்டன் நடந்தபடியே மூங்கிலின் அடியில் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்.

மூங்கில் தோளில் அழுந்தியது. இன்னும் ஒரு அடி நகர்ந்தார். முட்டி விண்ணென்று தெறித்தது. பழனாத்தாளின் தலை இப்போது அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. பாடை அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தது, வலது பக்கத்துக்காரர்கள் தோளைச் சரிசெய்துகொண்டார்கள்.

முன்னால் அழகிரிசாமி திரும்பிப் பார்த்தார். தோளில் கனம் இல்லாமல் எழும்பி எழும்பி விழுந்த மூங்கிலை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் நஞ்சுண்டன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு அடி உள்ளே வந்தார்.